ஏற்காட்டின் பழைய கல்லறைகளைப் பார்க்கப் போகிறீர்களா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் ஏரியோடு திரும்பிவிடுகிறார்கள். ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ் இதழை நடத்திய பாதிரியார் பீட்டர் பெர்சிவல் அடக்கமானது அங்கேதான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர் அவர். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அவருடைய மருமகன். ஃபூட்டுக்கும் அங்கே நினைவுக்கல் உண்டு.

முதலில் தேவாலயப் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். ஞாயிறு ஆராதனை நேரம் வேண்டாம். மழைக்குப் பின் புல் வழுக்கும், ஷூ அவசியம்.

தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சிலர் சாக்பீஸ் தேய்க்கிறார்கள், எலுமிச்சைச் சாறும் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து கூடாது, பளிங்கை அமிலம் அரித்துவிடும். வெளிச்சம் போதும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், அல்லது டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். நேராக அடிக்கும் ஃபிளாஷ் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். மேகமூட்டமான நாளிலும் டார்ச் உதவும். ஏற்காட்டில் அது அடிக்கடி தேவைப்படும்.

பாசியைச் சுரண்டாதீர்கள். உதிர்ந்த இலைகளைக் கையால் ஒதுக்கினால் போதும். கல்லின் மேல் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை.