பித்தளை பளபளத்தால் போதுமா? ஃபோர்டு மாடல் டி டூரிங் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் ஊர்வலத்தில் மாடல் டி டூரிங் கார் வந்து நின்றால் கூட்டம் கூடிவிடும். மடக்குத் துணிக்கூரை, மர ஆரம் வைத்த சக்கரம், முன்னால் தகதகவென்று பித்தளை ரேடியேட்டர். கூடவே '1922 மாடல்' என்று ஓர் அட்டை. விவரம் தெரிந்தவர் அங்கேயே சிரித்துவிடுவார். ஃபோர்டு 1917 மாடலிலேயே பித்தளையை விட்டுவிட்டுக் கறுப்புத் தகடுக்கு மாறிவிட்டது.

நிறத்திலும் இதே கூத்துதான். மாடல் டி என்றாலே கறுப்பு என்று நினைத்து 1911 காருக்குக் கறுப்பு அடிப்பார்கள். கறுப்பு மட்டும் என்ற கதை 1914 முதல் 1925 வரைதான். அதற்கு முன் சிவப்பு, பச்சை, சாம்பல், நீலம் எல்லாம் இருந்தன.

அப்புறம் கதவு. 1912-க்குப் பிறகு வந்த அமெரிக்க டூரிங் கார்களில் முன் இடப்பக்கம் இருப்பது கதவே அல்ல, தகட்டில் அழுத்திய கோடு. ஓட்டுநர் வலப்பக்கமாக ஏறித்தான் உள்ளே நகர வேண்டும். நிஜக் கதவு 1926 மாடலில்தான் வந்தது. 'துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது' என்று அதை வெட்டித் திறப்பது பாவம். அன்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நம் பகுதி நாடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் ஃபோர்டின் கனடா ஆலையில் செய்த வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகள். அவற்றுக்கு அமெரிக்கப் படத்தைப் பார்த்து வேலை செய்தால் கணக்கு தப்பும்.

அட்டையில் எழுதும் வரலாறும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. காரைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஃபோர்டு அல்ல. கார்ல் பென்ஸ் 1886-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1908-இல் டெட்ராய்ட்டின் பிக்கெட் அவென்யூ ஆலையில் மாடல் டி பிறந்தபோது நகரும் அசெம்ப்ளி லைன் (வண்டி நகர்ந்து வர, ஆட்கள் நின்ற இடத்தில் பாகங்களைப் பொருத்தும் முறை) கிடையாது. அது 1913-இல் ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் வந்தது. சேசிஸ் எனும் அடிச்சட்டத்தைக் கோக்கும் நேரம் 12½ மணி நேரத்திலிருந்து 93 நிமிடமானது. 1914-இல் அறிவித்த 5 டாலர் நாள் சம்பளத்தை வெறும் தாராள மனசு என்று எழுதாதீர்கள். அந்த வேலையின் சலிப்பு தாங்காமல் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

சரி, ஓட்டப் போவோம். கீழே மூன்று பெடல். இடது பெடலைக் கிளட்ச் என்று நினைத்து முழுக்க மிதித்தால் வண்டி நிற்காது, லோ கியரில் இழுத்துக்கொண்டு பாயும். பாதி மிதித்தால்தான் நியூட்ரல். நடுவில் ரிவர்ஸ், வலதில் பிரேக். ஆக்சிலரேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்க நெம்புகோல். இடப்பக்க நெம்புகோல் ஸ்பார்க்குக்கு, அதாவது எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தை மாற்ற; கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் முன் அதை மேலே தள்ளியாக வேண்டும். மறந்தால் சுற்றும் கம்பி பின்னோக்கி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, இடது கையால் மேல்நோக்கி இழுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு பின் சக்கரங்களைச் சுழற்றும் பின் ஆக்சிலைப் பிரித்துப் பார்க்காமல் விடுவது. 'சத்தமே வரலையே, எதுக்குத் தொடணும்?' என்று பெயிண்டுக்கு லட்சக்கணக்கில் கொட்டுவார்கள். உள்ளே, டிஃபரென்ஷியலின் (இரு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) இருபுறமும் பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவையில் செய்த வாஷர்கள் உண்டு. வயதாகி அவை தூளாகிப் போனால் பல்சக்கரம் நகர்ந்து பிடி விட்டுப் போகும். அப்போது இழுவை மட்டும் போகாது, கால் பிரேக்கும் போய்விடும். காரணம், அந்தப் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குள் பிடிக்கிறது. இடையில் தொடர்பு அறுந்தால் பெடலை எவ்வளவு மிதித்தும் பயனில்லை. சரிவில் இறங்கும்போது இது நடந்தால் மிச்சம் கை பிரேக் ஒன்றுதான். வெண்கல வாஷர் போட்டால் இந்தப் பயம் இல்லை. முதல் செலவு இதற்குத்தான் என்பேன்.

ஆயில் அளவு பார்க்கக் குச்சி தேட வேண்டாம், கிடையாது. எஞ்சினுக்குப் பின்னால் அடியில் இரண்டு சின்னக் குழாய்த் திருகுகள் இருக்கும். கீழேயுள்ளதைத் திறந்தால் ஆயில் வர வேண்டும், மேலேயுள்ளதில் வரக் கூடாது. வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள்.