தினமும் கூடவே வைத்திருக்க ஒரு டார்ச்: எதைப் பார்த்து வாங்குவது

டார்ச் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் லூமென் (டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) எண், அந்த டார்ச் எரியத் தொடங்கிய முதல் இரண்டு நிமிடத்தின் கணக்கு. ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்று ஒரு அளவுமுறை 2009-ல் வந்தது. அதன்படி, பட்டனை அழுத்தியதிலிருந்து 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் வெளிச்சத்தை அளந்து எழுதுகிறார்கள். ‘எரியும் நேரம்’ என்பது அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான நேரம். ஆகவே ‘1000 லூமென், 3 மணி நேரம்’ என்றால் மூன்று மணி நேரமும் 1000 லூமென் கிடைக்கும் என்று பொருள் இல்லை. மூன்று நிமிடம் 1000, மீதி நேரமெல்லாம் 300 என்றாலும் பெட்டியில் எழுதியது சரிதான். நமக்கு வேண்டியது மூன்றாம் நிமிடத்துக்குப் பிறகு என்ன கிடைக்கும் என்ற தகவல். அதை நாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்.

நல்ல எல்.இ.டி. டார்ச் ஒன்று, ஒரு வாட் மின்சாரத்தில் ஏறத்தாழ 100 லூமென் தரும். 18650 எனப்படும் லித்தியம் பேட்டரிக் கட்டை (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம்) 3000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்றால், 3 ஆம்பியர்-மணியை 3.6 வோல்ட்டால் பெருக்க 10.8 வாட்-மணி வருகிறது. அதாவது சுமார் 1000 லூமென்-மணி. இதை 100 லூமெனில் செலவழித்தால் 10 மணி நேரம், 300-ல் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், 20-ல் இரண்டு நாள். இதே கணக்கில், ரீசார்ஜ் ஆகும் ஏ.ஏ. கட்டை (1.2 வோல்ட், 2000 எம்.ஏ.எச்.) 2.4 வாட்-மணிதான், 100 லூமெனில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது கடினம். ஒற்றை 18650 போட்ட டார்ச்சில் ‘2000 லூமென், 8 மணி நேரம்’ என்று பார்த்தால், அளவுமுறையின் பெயர் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த டார்ச்சை விட்டுவிடுங்கள்.

அடுத்த வரம்பு சூடு. எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. அது வெளியேற அந்தச் சின்ன அலுமினிய உடம்பைத் தவிர வேறு வழி கிடையாது. கையில் பிடிக்கக்கூடிய சூட்டில், காற்றில்லாத இடத்தில், 18650 அளவு டார்ச் தொடர்ந்து தரக்கூடியது 300 முதல் 400 லூமென். சித்திரை மாதத்து இரவில் இன்னும் குறையும். நல்ல டார்ச் தன் சூட்டை அளந்து தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைந்தால் அது பழுதில்லை. குறையாமல் கை சுடச்சுட எரியும் டார்ச்தான் ஆபத்து.

300 லூமென் போதுமா என்றால், தாராளமாகப் போதும். தெருவில் நடக்க 50 முதல் 100 லூமென். இரவு கழிவறைக்கு எழுந்து போக 1 லூமென், அதற்கும் கீழே கூட. இருட்டுக்கு முழுதாகப் பழக கண்ணுக்கு இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். 200 லூமெனை ஒருமுறை அடித்தால் அந்தப் பழக்கம் போய்விடும், பக்கத்தில் தூங்குபவரும் எழுந்துவிடுவார். கரண்ட் போன அறைக்கு 200, 300 லூமெனை வெள்ளைக் கூரையை நோக்கி நிமிர்த்தி வைத்தால் அறை முழுக்கச் சாப்பிடும் அளவுக்கு வெளிச்சம் பரவும். அதிகபட்ச எண்ணைவிட, மிகக் குறைந்த நிலை எவ்வளவு, நடுவில் எத்தனை படிகள் என்று பாருங்கள். இன்னொன்று: கண்ணுக்கு இரண்டு மடங்கு தெரிய வேண்டுமானால் லூமென் ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். 800-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்த 200 லூமெனுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

தூரம் வேறு கணக்கு. அதைச் சொல்வது கேண்டெலா, ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்ற அளவு. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியில் போடும் மீட்டர் வரும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். ஆனால் அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலவு அளவு. அங்கே நிற்பது மாடா மனிதரா என்று அடையாளம் காண, அந்த எண்ணில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் நான்கு மடங்காகும். வயல் கோடியைப் பார்க்கவோ கிணற்றின் அடியைப் பார்க்கவோ வேண்டியவர்களுக்கு எல்.இ.டி.யைச் சுற்றி வழவழப்பான, ஆழமான கிண்ணம் (ரிஃப்ளெக்டர்) உள்ள டார்ச். மற்றவர்களுக்கு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பான கிண்ணமோ, முகப்பில் தடித்த பிளாஸ்டிக் லென்ஸோ வைத்தது நல்லது. காலடி முதல் பத்து இருபது மீட்டர் வரை சீராகத் தெரியும். தலையை இழுத்தால் ஒளி குவியும் ஜூம் டார்ச்சை அன்றாடத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம். குவித்தால் பாதி வெளிச்சம் உள்ளேயே வீணாகிறது. இழுக்கும் இடத்தின் வழியாகத் தண்ணீரும் புழுதியும் உள்ளே போகின்றன.

நிறம்: பலரும் கவனிக்காமல் விடுவது

வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சொல்வது கெல்வின், எண் கூடக் கூட நீலம் கூடும். மலிவான டார்ச்கள் 6500 கெல்வின் நீல வெள்ளையில் வருவதற்குக் காரணம், அதே மின்சாரத்தில் லூமென் எண் கூடும். ஆனால் அந்த வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் செத்துப்போகின்றன. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று 100-க்கு ஒரு மதிப்பெண் உண்டு. சாதாரண டார்ச் 70 இருக்கும்; 90-க்கு மேல் உள்ளதைத் தேடி வாங்குங்கள்.

இது அழகுக்காகச் சொல்வதில்லை. ஈ.பி. பெட்டியைத் திறந்து சிவப்பு ஒயரையும் பழுப்பு ஒயரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டியின் அடியில் சொட்டுவது எண்ணெயா தண்ணீரா என்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும்விட, இரவில் வரப்பிலும் தோட்டத்திலும் நடப்பவர்களுக்கு இது உயிர் விஷயம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வு மதிப்பீடு ஒன்று சொல்கிறது. கண்ணாடி விரியன் காய்ந்த சருகின் நிறத்திலேயே கிடக்கும். நீல வெள்ளையில் சருகும் பாம்பும் ஒரே சாம்பலாகிவிடும். 4000 முதல் 5000 கெல்வினில், சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் உள்ள வெளிச்சத்தில் பழுப்பின் மேல் உள்ள வட்டங்கள் எடுத்துத் தெரியும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அதன் கருப்பு உடம்பிலுள்ள மெல்லிய வெள்ளை வளையங்களைப் பார்க்க, தூரம் பாயும் ஒற்றைப் புள்ளி வெளிச்சம் உதவாது. காலைச் சுற்றி அகலமாக விரியும் வெளிச்சம் வேண்டும்.

டார்ச்சை எங்கே பிடிக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. கண்ணருகே பிடித்தால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துவிடும், தரை தட்டையாகத் தெரியும். இடுப்புக்குக் கீழே பிடித்தால் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நிழல் விழும். மழையிலும் பனிமூட்டத்திலும் இதுவே வழி. கண்ணருகே பிடித்த டார்ச்சின் வெளிச்சம் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். கீழே விழுந்த திருகாணியைத் தேட டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெல்லத் திருப்புங்கள். சின்னத் திருகாணிக்கும் நீண்ட நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

எந்தக் கட்டை

சட்டைப் பையிலோ கைப்பையிலோ கிடக்க வேண்டுமென்றால் ஏ.ஏ. அளவு: 9 செ.மீ. நீளம், கட்டையோடு 50, 60 கிராம். இதன் பெரிய வசதி, எந்தப் பெட்டிக்கடையிலும் கட்டை கிடைக்கும். ஆனால் சாதாரண கார்பன் கட்டையோ ஆல்கலைனோ போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் கசிந்து டார்ச்சையே அரித்துவிடும். எனவே ரீசார்ஜ் ஆகும் நிக்கல் கட்டை போடுங்கள். அதே அளவில் 14500 என்ற லித்தியம் கட்டையும் உண்டு. அது முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், டார்ச்சின் கையேட்டில் ‘14500 போடலாம்’ என்று இல்லாவிட்டால் போடக்கூடாது, உள்ளே உள்ள சர்க்யூட் கருகிவிடும். சோஃபிர்ன் எஸ்பி10 புரோ என்ற டார்ச் இரண்டையும் ஏற்கும்.

பேன்ட் பையிலும் வண்டியிலும் வீட்டிலும் ஒரே டார்ச் போதும் என்பவர்களுக்கு 18650. 12 செ.மீ.க்குள் நீளம், 25 மி.மீ.க்குள் தடிமன், கட்டையோடு 120 கிராமுக்குள் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் நான்காம் நாள் வீட்டிலேயே விட்டுப்போவீர்கள். வுர்கோஸ் எஃப்சி11 (டைப்-சி சார்ஜிங், அடியில் காந்தம்), கான்வாய் எஸ்2 பிளஸ் (வால் பட்டன்) இரண்டும் இந்த அளவில் நன்றாக உழைப்பவை. காந்தம் வைத்ததை பேஸ்மேக்கர் உள்ளவர்கள் சட்டைப் பையில் வைக்கக் கூடாது.

18650 கட்டையில் ‘9900 எம்.ஏ.எச்.’ என்று எழுதியிருந்தால் போலி. இந்த அளவில் நம்பி வாங்கக்கூடியது பெரும்பாலும் 2500 முதல் 3500 வரை. சமையலறைத் தராசில் போட்டுப் பாருங்கள், நல்ல கட்டை 45 கிராமை ஒட்டி இருக்கும். 35-க்குக் கீழே போனால் உள்ளே பாதி காலி. மேலுறை கிழிந்த கட்டையைப் போட வேண்டாம், அலுமினிய உடம்போடு உரசி ஷார்ட் ஆகலாம். 2.5 வோல்ட்டுக்குக் கீழே வெகுநாள் கிடந்ததை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். விமானத்தில் உபரி லித்தியம் கட்டைகள் உறையில் போட்டுக் கைப்பையோடு வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது.

பட்டன் விஷயத்தில் சுருக்கமாக: வால் பட்டன் இருட்டில் தடவினாலே கிடைக்கும், பக்கப் பட்டன் படிகளை மாற்ற வசதி, ஆனால் பைக்குள் தானாக அழுந்தி எரிந்து துணியைச் சுட்டுவிடும். பக்கப் பட்டன் டார்ச்சின் வால் மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் மின்சாரம் அறுந்துவிடும். மரையில் மின்சாரம் கடத்தாத பூச்சு (அனோடைஸ்) இருந்தால்தான் இது வேலை செய்யும், வாங்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வாங்குவதானால் ஒரு அழுத்தில் எரிந்து, மறு அழுத்தில் அணைவதே சிறந்தது. மின்னி மின்னி எரியும் நிலை நடுவில் வந்தால் அவர்கள் அந்த டார்ச்சைத் தொடவே மாட்டார்கள்.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் நான்கைச் செய்யுங்கள். வெள்ளைச் சுவரில் அடித்துப் பச்சைச் சாயல் தெரிகிறதா, உங்கள் உள்ளங்கை உயிருள்ள நிறத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். குறைந்த வெளிச்சத்தில் வைத்து, மொபைல் கேமரா வழியாகப் பாருங்கள். கோடுகள் ஓடினால் வெளிச்சம் வேகமாகத் துடிக்கிறது, நீண்ட நேரம் படித்தால் சிலருக்குத் தலை வலிக்கும். அதிகபட்சத்தில் அரை மணி நேரம் எரியவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் குறைகிறது, கை தாங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். டைப்-சி உள்ளதை, இரு முனையும் டைப்-சி ஆன கேபிளிலும் சார்ஜ் போட்டுப் பாருங்கள். மலிவான டார்ச்களில் ஒரு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். அவை பழைய யு.எஸ்.பி. முனை உள்ள கேபிளில் மட்டுமே சார்ஜ் ஏறும். தண்ணீர் புகாமைக்கான குறியீடு ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். வாளித் தண்ணீரில் போடுவதற்கு முன் சார்ஜிங் துளையின் ரப்பர் மூடி முழுவதும் அமர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

பிறகு வரும் தொல்லைகளில் அடிக்கடி வருவது, டார்ச் விட்டுவிட்டு எரிவது. பலரும் எல்.இ.டி. போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் மரையில் சேர்ந்த கருப்பு அழுக்குதான். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் மரையையும் கட்டையின் இரு முனைகளையும் துடையுங்கள். ரப்பர் வளையத்துக்கு சிலிகோன் கிரீஸ் ஒரு கடுகளவு போதும். தேங்காய் எண்ணெய் போட்டால் பிசுபிசுத்து அழுக்கை இழுக்கும், சில ரப்பர்கள் ஊதியும் போகும். துடைத்த பிறகும் மினுக்கினால், வால் மூடிக்குள் பட்டனைப் பிடித்திருக்கும் பித்தளை வளையம் தளர்ந்திருக்கும். அதில் உள்ள இரண்டு சின்னக் குழிகளில் கூர்முனைக் குறடை வைத்து வலப்பக்கம் இறுக்குங்கள். சிலவற்றில் மரை எதிர்ப்பக்கம் ஓடும், இறுகாமல் கழன்று வந்தால் திசையை மாற்றுங்கள். ஏ.ஏ. ஆல்கலைன் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது காரம். கண்ணில், கையில் படாமல், எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி துடைத்து, மூடியைத் திறந்தபடி ஒரு நாள் காயவிட்டுப் புதுக் கட்டை போடுங்கள்.