சோலாரா, காற்றாலையா? கணக்கு எங்கே சறுக்குகிறது

போன மாதம் ஒரு இளைஞர் தான் போட்ட கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கம் ஒரு கிலோவாட் சோலார், மறுபக்கம் ஒரு கிலோவாட் காற்றாலை. வெயில் பகலில் மட்டும்தான், காற்றோ ராத்திரியிலும் அடிக்கும். ஆகவே காற்றாலை இரண்டு மடங்கு தரும் என்று முடித்திருந்தார். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் போட்ட கணக்கும் அப்படியே இதுதான். அன்று என் கணக்கை நம்பி ஒரு பெரியவர் பணம் போட்டார். அதனால்தான் எழுதுகிறேன். பேனலை நிழலில் வைக்காதீர்கள், தூசி துடையுங்கள் போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை எல்லோருக்கும் தெரியும்.

லேபிளில் உள்ள கிலோவாட்டை அப்படியே நம்புவது

பேனலின் லேபிளில் இருக்கும் வாட், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி என்ற சோதனைக்கூட நிலையில் அளந்தது. சிறிய காற்றாலையின் லேபிளில் இருப்பது பெரும்பாலும் நொடிக்கு 11 அல்லது 12 மீட்டர் வேகக் காற்றில் அளந்தது. அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர், குடையைத் திருப்பிவிடும் காற்று. வீட்டு மாடியில் அப்படி வருடத்தில் எத்தனை மணி நேரம் அடிக்கும்?

இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. வெயில் பாதியானால் பேனல் தருவதும் ஏறக்குறைய பாதியாகும். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். வேகம் இரட்டித்தால் இறக்கைகளின் ஊடே போகும் காற்றின் அளவு இரட்டிக்கிறது. அந்தக் காற்றில் ஒவ்வொரு கிலோவும் சுமந்துவரும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் எட்டு. குறையும்போதும் இதே கணக்குதான். 12 மீட்டர் வேகத்தில் 1000 வாட் தரும் காற்றாலை, 6 மீட்டரில் சுமார் 125 வாட் தரும். 4 மீட்டரில் 40 வாட்கூடத் தேறாது.

அந்தப் பெரியவர் வீட்டில் நான் செய்தது இதுதான். காற்று வரைபடத்தில் அந்த இடத்துக்கு நொடிக்கு 6 மீட்டர் என்று இருந்தது. அது 50 மீட்டர் உயரத்துக்கான எண் என்பதைக் கவனிக்கவில்லை. எங்கள் காற்றாலை நின்றது மாடியில், தரையிலிருந்து 9 மீட்டரில். தடையே இல்லாத திறந்த வெளியில்கூட அந்த உயரத்தில் வேகம் சுமார் 4.7 ஆக இறங்கிவிடும். ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். அங்கேயோ மேற்குப் பக்கம் வரிசையாக மரங்கள், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "காத்தாடி நல்லாத்தானே சுத்துது தம்பி, பேட்டரி ஏன் ஏறல?" போய்ப் பார்த்தேன். இறக்கைகள் விர்ரென்று சுற்றின. மீட்டரில் 30 வாட். சற்று நேரத்தில் தலைப்பகுதி தெற்கே திரும்பியது, உடனே வடக்கே. காற்று மரத்திலும் தொட்டியிலும் மோதிச் சுழன்று வந்ததால் எந்தப் பக்கம் நிற்பது என்று அதற்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கீழே அறைச் சுவர் அதிர்ந்தது. எட்டாவது மாதம் பேரிங் போனது. கழற்றி இறக்கினோம். அவர் என்னைத் திட்டவே இல்லை. இன்றும் அது மனதை விட்டுப் போகவில்லை.

இறக்கையின் கீழ்நுனி, சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் எதையும்விடக் குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது சிறு காற்றாலை போடுபவர்களின் பழைய விதி. பணம் கொடுக்கும் முன் ஒரு நீளக் கம்பத்தின் நுனியில் ரிப்பன் கட்டி, காற்றாலை நிற்கப்போகும் உயரத்தில் நட்டுப் பாருங்கள். ரிப்பன் ஒரே பக்கமாக நீண்டு நின்றால் மேலே யோசிக்கலாம். முறுக்கிக்கொண்டு அலைந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ரிப்பன் தேறினால், அதே உயரத்தில் காற்றுவேகமானி வைத்து ஒரு வருடம் அளக்க வேண்டும். நினைத்ததைவிட வேகம் 10 சதவீதம் குறைந்தால் மின்சாரம் 27 சதவீதம் குறையும். உத்தேசமாகப் போட முடியாத கணக்கு இது.

இதைப் படித்துவிட்டுக் காற்றாலையே வேண்டாம் என்பது

இதுவும் தவறுதான். மாடியில் நின்றதை வைத்து, நூறு மீட்டர் உயரத்தில் சுற்றும் பெரிய காற்றாலையை எடைபோடக் கூடாது. நல்ல இடத்தில் நிற்கும் பெரிய காற்றாலை, தன் முழுத் திறனில் 25 முதல் 40 சதவீதம் வரை ஆண்டுச் சராசரியாகத் தரும். சோலார் பூங்காக்கள் பொதுவாக 15 முதல் 25. காற்றாலைகளுக்கு நடுவே உள்ள நிலத்தில் விவசாயமும் நடக்கும்.

சராசரி வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவது

நாள் முழுக்க 6 மீட்டர் அடிக்கும் இடமும், பாதி நேரம் 4, பாதி நேரம் 8 அடிக்கும் இடமும் ஒரே சராசரிதான். இரண்டாவது இடத்தின் காற்றில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அதிகம். மணிவாரியான அளவு இல்லாமல் கணக்கைத் தொடங்காதீர்கள்.

செயல்திறன் சதவீதத்தை ஒப்பிடுவது

மேலே விழும் வெயிலில், மோதும் காற்றில் எத்தனை சதவீதம் மின்சாரமாகிறது என்ற ஒப்பீடு வேண்டாம். வெயிலும் காற்றும் காசு கொடுத்து வாங்குபவை அல்ல. ஒரு யூனிட்டுக்கு என்ன செலவாகிறது என்று மட்டும் பாருங்கள். ஆனால் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்கிறது என்று ஒரு காற்றாலையை யாராவது விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள். அது பெட்ஸ் எல்லை, திறந்த வெளியில் நிற்கும் எந்தக் காற்றாலையும் தாண்ட முடியாதது.

ஆண்டு மொத்தத்தைப் பார்த்து முடிவெடுப்பது

மாதவாரியாகப் பாருங்கள், அப்புறம் மணிவாரியாக. பல இடங்களில் வெயில் குறையும் மாதங்களில்தான் காற்று கூடும். அங்கே இரண்டையும் சேர்த்துப் போட்டால் பேட்டரியின் அளவைக் குறைக்க முடியும். வெயிலும் காற்றும் ஒன்றாகப் படுக்கும் இடமென்றால் அந்த லாபம் கிடையாது.

அந்த இளைஞர் ரிப்பன் கட்டி ஒரு வாரம் பார்த்துவிட்டு வீடியோ அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் ரிப்பன் ஒரு பக்கமாக நிற்கவே இல்லை. இப்போது பேனல்களை மட்டும் வைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.