குரூப் ஷோவை ஓ-1பி விசாவுக்கு ஆதாரமாக்குவது எப்படி

நான் நியூயார்க்கில், குவீன்ஸில் இருக்கிறேன். அச்சோவியம் செய்கிறேன், நடுநடுவே குழுக் கண்காட்சிகளையும் ஒருங்கிணைக்கிறேன். படிப்பை முடித்து ஓபிடியில் (மாணவர் விசாவில் வந்தவர்கள் படித்த துறையில் வேலை செய்யக் கிடைக்கும் தற்காலிக அனுமதி) இருக்கும் ஓவியர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "குரூப் ஷோவில் என் படம் இருந்தது, விசாவுக்கு உதவுமா?" அவர்கள் கேட்பது ஓ-1பி, கலையில் தனித்திறன் உள்ளவர்களுக்கு அமெரிக்கா தரும் வேலை விசா. அதற்கு உதவும். ஆனால் படம் சுவரில் தொங்கியது மட்டும் போதாது.

நுண்கலை படித்தவர்களுக்கு ஓபிடி ஒரு வருடம்தான். ஸ்டெம்காரர்களுக்கு (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு) கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு நமக்கு இல்லை. அதனால் சீக்கிரமே ஓ-1பி பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான மனுவான ஐ-129 படிவத்தை உங்களுக்காக நீங்களே போட முடியாது. அமெரிக்காவில் உள்ள முதலாளியோ ஏஜென்ட்டோ போட வேண்டும். பல கேலரிகளோடு வேலை செய்தால் ஏஜென்ட்தான் வசதி. கிராமி மாதிரி பெரிய விருது இல்லாதவர்கள், ஆறு வகை ஆதாரங்களில் மூன்றையாவது காட்ட வேண்டும்.

அதில் முதல் வகையை நிதானமாகப் படியுங்கள். பெயர்பெற்ற நிகழ்வில் முதன்மைப் பங்கு வகித்திருக்க வேண்டும், இனியும் வகிக்கப்போவதைக் காட்ட வேண்டும். குரூப் ஷோ இடிப்பது இங்கேதான். பத்துப் பன்னிரண்டு பேரில் நீங்கள் எப்படி முதன்மை?

ஓப்பனிங்குக்கு முன்பே க்யூரேட்டரிடம் (படைப்புகளைத் தேர்ந்தெடுத்து கண்காட்சியை அமைப்பவரிடம்) பேசுங்கள். ப்ரெஸ் ரிலீஸில் உங்கள் பெயரோடு படைப்பைப் பற்றி ஒரு பத்தி வருமா, அழைப்பிதழில் உங்கள் படத்தைப் போடுவார்களா என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம், யாருடைய படமோ போகத்தான் போகிறது. ஆனால் வகிக்காத பங்கை எழுதச் சொல்லாதீர்கள். விமர்சனம், விளம்பரம், ப்ரெஸ் ரிலீஸ், ஒப்பந்தம் என்று விதியே ஆதாரங்களைப் பெயர் சொல்லித்தான் கேட்கிறது. கேட்டலாக், சுவர்க்குறிப்பின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கண்காட்சியின் இணையப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆக்குங்கள். சின்ன கேலரிகளின் தளங்கள் சொல்லாமல் மறைந்துவிடும்.

கேலரிக்குப் பெயர் இருக்கிறது என்பதையும் தனியாக நிறுவ வேண்டும். அந்த இடத்தைப் பற்றி வந்த கட்டுரைகளைச் சேருங்கள். நண்பரின் கராஜில் நடந்த ஷோ எவ்வளவு அருமையாக இருந்தாலும் இங்கே எடுபடாது.

க்யூரேட்டரின் கடிதத்தில் "மிகுந்த திறமைசாலி" என்றிருந்தால் பயனில்லை. தான் யார், உங்கள் வேலையை எப்படி அறிவார், எத்தனை பேரிலிருந்து உங்களைத் தேர்ந்தெடுத்தார், உங்கள் படைப்பை நுழைவாயிலுக்கு எதிரே ஏன் வைத்தார் என்று அவர் எழுத வேண்டும். இதைத் தவிர, துறை சார்ந்த அமைப்பு ஒன்றின் கருத்துக் கடிதமும் வேண்டும்.

அப்புறம், இனி நடக்கப்போகும் ஷோக்கள். வாய்ப்பேச்சு போதாது; தேதியும் இடமும் உள்ள ஒப்பந்தம் தேவை. முதல் தடவை 3 ஆண்டுகள் வரை கிடைக்கும் என்றாலும், அத்தனை காலத்துக்கு வேலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சென்னை லலித் கலா அகாதெமியில் காட்டியபோது தமிழ் நாளிதழில் விமர்சனம் வந்ததா? விடாதீர்கள். முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் சான்றையும் சேர்க்க வேண்டும். நீங்களே செய்யாமல் வேறொருவரிடம் கொடுங்கள்.

வேலை தொடங்கும் நாளுக்கு ஒரு வருடம் முன்பிருந்தே மனுவைப் போடலாம். அனுப்பும் முன் ஒரு குடியேற்ற வக்கீல் பார்ப்பது நல்லது. விசா வந்ததும் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈபி-1ஏ என்ற, அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான கிரீன் கார்டுக்குக் கேட்கும் பத்து வகை ஆதாரங்களில் கண்காட்சியில் படைப்பைக் காட்டியது தனி வகையாகவே உண்டு. அதற்கான மனுவான ஐ-140-ஐ நீங்களே போடலாம்.