எம்81-ஐச் சுற்றியுள்ள நீலத் திட்டுகளைச் சோதிப்பது எப்படி?

தட்டு வடிவக் கேலக்ஸியின் படத்தைத் திறந்ததும் பலரும் சுருள் கைகளில் லயித்துவிடுகிறார்கள். என் விருப்பம் அதற்கு வெளியே, தட்டைச் சூழ்ந்த மங்கலான பகுதியான ஹாலோவில் தனித்து நிற்கும் நீலத் திட்டுகளில்தான். அவற்றில் சில, இன்றும் நட்சத்திரங்கள் பிறக்கும் குறுங்கேலக்ஸிகள். மற்றவை வெறும் ஏமாற்று. பிரித்தறியத் தொலைநோக்கி வேண்டாம். வானப் படங்களைக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் அலாடின் மென்பொருளே போதும்.

பழகுவதற்கு எம்81 என்ற சுருள் கேலக்ஸி ஏற்றது. சப்தரிஷி நட்சத்திரக் கூட்டத்தின் திசையில், சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கட்புல ஒளிப் படத்தில், தட்டின் மையம் வெளுத்துப்போகும் அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கிழக்கே ஒரு மங்கலான திட்டு தலைகாட்டும். அதுதான் ஹோம்பெர்க் 9 என்ற குறுங்கேலக்ஸி.

மகிழ்வதற்கு முன், தூசி ஒளிரும் அகச்சிவப்புப் படத்தையும் பார்த்துவிடுங்கள். இந்தத் திசையில் பால்வீதியின் தூசி இழை இழையாகப் படர்ந்து, நட்சத்திர ஒளியைச் சிதறடிக்கிறது. 1965-இல் வானியலாளர் ஹால்டன் ஆர்ப் எம்81 அருகே கண்ட வளையத்தின் ஒளியில் பெரும்பகுதி இத்தூசியுடையதே என்று பின்னர் தெரியவந்தது. ஐராஸ் செயற்கைக்கோளின் 100 மைக்ரான் அகச்சிவப்புப் படத்தில் உங்கள் திட்டும் இழையாகத் தொடர்ந்தால் அதை விட்டுவிடுங்கள்.

தப்பிய திட்டுகளை கேலெக்ஸ் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த புற ஊதாப் படத்தில் தேடுங்கள். அங்கே ஒளிர்ந்தால், கடந்த 10 கோடி ஆண்டுகளுக்குள் நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன. பெருநிறை நட்சத்திரங்கள் சூழ உள்ள ஹைட்ரஜனைத் தூண்டுவதால் எழும் சிவப்பு ஒளியான ஹைட்ரஜன்-ஆல்ஃபாவும் இருந்தால், அந்தப் பிறப்பு ஏறக்குறைய 1 கோடி ஆண்டுக்குள் நடந்தது. ஆல்ஃபா இல்லை என்பதற்காகத் திட்டை ஒதுக்காதீர்கள். சிறிய கொத்துகளில் பெருநிறை நட்சத்திரம் ஒன்றுகூட உருவாகாமல் போகலாம்.

என்னைக் கேட்டால், தீர்ப்புச் சொல்வது வாயுதான். எம்81, அதன் அண்டைக் கேலக்ஸிகளான எம்82, என்ஜிசி 3077 ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நெருங்கி வந்தபோது இழுபட்ட ஹைட்ரஜன், இன்றும் அவற்றைப் பாலங்களாக இணைக்கிறது. ஹைட்ரஜன் வாயு உமிழும் 21 செ.மீ. ரேடியோ அலையில் எடுத்து 1994-இல் வெளியான வரைபடம் இதைத் தெளிவாகக் காட்டியது. வாயு அடர்ந்த இடத்தில் திட்டு அமர்ந்திருந்தால், கிழிந்த வாயுவிலிருந்து அங்கேயே பிறந்த குறுங்கேலக்ஸியாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு தொல்லை: எம்81 நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தில் வருகிறது. பால்வீதி வாயுவின் வேகமும் இதே வரம்பில் இருப்பதால், இரண்டின் சமிக்ஞைகளும் கலந்துவிடும். ரேடியோத் தரவில் ஒவ்வொரு வேகத்துக்கும் தனிப் படம் உண்டு; ஒரே வேகத்தின் படத்தை நம்பாமல், அடுத்தடுத்த வேகங்களின் படங்களை ஒப்பிடுங்கள்.

கடைசிச் சோதனை வயது. ஹபிள் படங்களில் முதிய செந்நிறப் பெருநட்சத்திரங்கள் அங்கே குவிந்திருந்தால், அது வெளியிலிருந்து வந்த பழைய துணைக் கேலக்ஸி. ஆனால் எம்81-இன் ஹாலோவிலும் அத்தகைய முதிய நட்சத்திரங்கள் உண்டு. பக்கத்திலுள்ள வெற்றுப் பகுதியில் அவற்றை எண்ணிக் கழித்த பிறகே முடிவெடுங்கள்.