சீம்பால்: ஒரு சொட்டும் வீணாகாமல் கொடுப்பது எப்படி?

பிரசவமானதும் முதலில் சுரக்கும் கெட்டியான தாய்ப்பால்தான் சீம்பால். முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி. சுரப்பதும் அவ்வளவுதான். "பாலே வரலையே" என்று வீட்டில் பேச்சு கிளம்பி, சேனை தொட்டு வைக்கிற தேனோ சர்க்கரைத் தண்ணீரோ உள்ளே போவது இந்த நேரத்தில்தான். இரண்டுமே கூடாது. தேனில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது வரை அது ஆபத்து.

வயிற்றிலிருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது ஐஜிஜி என்ற ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்கும் புரதம். ஐஜிஏ என்ற இன்னொரு வகை அப்படிப் போகாது, பாலில்தான் வரும். சீம்பாலில் மிகச் செறிவாக இருக்கும். இரட்டையாகப் பிணைந்து, மேலே ஒரு புரதம் சுற்றியிருப்பதால் செரிமான நொதிகள் அதை எளிதில் சிதைக்காது. தொண்டை, குடல் சவ்வின் சளியில் தங்கி, கிருமி செல்லைத் தொடுமுன்பே வளைத்துப் பிடித்துவிடும். தாயின் குடல் சந்தித்த கிருமிகளை அடையாளம் கண்ட செல்களே மார்புக்கு இடம்பெயர்ந்து இதைச் சுரக்கின்றன. அதனால் அந்த வீட்டுக் கிருமிக்கு அந்தத் தாயின் பாலே பொருத்தம். தாய்க்குச் சளியோ வயிற்றுப்போக்கோ வந்தாலும், மருத்துவர் தடுத்தாலொழிய நிறுத்த வேண்டாம்.

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள், சிசேரியனானாலும். குழந்தை தனி வார்டில் இருந்தால் கையால் பீய்ச்சலாம். பம்ப் வேண்டாம், கெட்டியான சீம்பால் அதன் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். கையை சோப்பு போட்டுக் கழுவி, காம்பிலிருந்து 2–3 செ.மீ. தள்ளிக் கட்டைவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழும் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பையே கிள்ளினால் புண்ணாகும், பாலும் வராது. முதல் சொட்டுக்கு ஓரிரு நிமிடம் ஆகலாம்.

கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) பிடித்து, குழந்தையைச் சற்று நிமிர்த்தி, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்கவும். விழுங்கிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும்.

மிஞ்சியதை 25 டிகிரிக்குள் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் வைக்கலாம். சித்திரை வெயிலில் வெளியே வைக்கவே கூடாது. ஃப்ரிட்ஜ் கதவிலும் வேண்டாம், திறந்து மூடுகையில் சூடேறும். கொடுக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை வைத்தாலே போதும். அடுப்பில் காய்ச்சினாலும் மைக்ரோவேவில் வைத்தாலும் ஐஜிஏ சிதையும். பசி அடங்கும், காவல் போய்விடும்.