பெட்டியில் ‘வொய்ஸ் அசிஸ்டன்ட்’ என்று போட்டிருந்தால் போதுமா? இயர்பட்ஸ் வாங்குவதிலும் பாவிப்பதிலும் நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பு டவுனிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு போன் கடைக்குள் நுழைந்து இயர்பட்ஸ் கேட்டால் ஆறேழு பெட்டியை மேசையில் பரப்பி விடுவார்கள், அதில் பாதிக்கு மேல் ‘வொய்ஸ் அசிஸ்டன்ட்’, அதாவது வாயால் சொன்னால் வேலை செய்து தரும் குரல் உதவி, என்று பெரிதாக அச்சடித்திருக்கும். மலிவுச் சாமானிலும் அது இருக்கும், அதைப் போலப் பத்து மடங்கு விலையுள்ள சாமானிலும் இருக்கும். இரண்டிலும் ஒரே சொல் இருப்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று நம்பிக் காசைக் கொடுப்பதுதான் இதில் நடக்கிற பெரிய பிழை, மற்றதெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அந்த அசிஸ்டன்ட் இயர்பட்ஸுக்குள் இல்லை. காதில் மாட்டுகிற அந்தக் குட்டிச் சாமானுக்குள் இருப்பது ஒரு புளூடூத் சிப், ஒரு ஸ்பீக்கர், ஒன்றிரண்டு மைக், ஒரு சின்னப் பற்றரி, அவ்வளவுதான். நீங்கள் அழுத்திப் பிடித்தால் அது போனுக்கு ஒரு சைகை அனுப்பும், போனில் கூகுளின் அசிஸ்டன்டோ அப்பிளின் சிரியோ எழும்பும், உங்கள் குரல் போனுக்குப் போய், அநேகமாக அங்கிருந்து இன்டர்நெட் வழியாகக் கொம்பனியின் சேர்வருக்குப் போய், பதில் அதே வழியால் திரும்பி வரும். அதனால் டேட்டா முடிந்தாலோ, படுவான்கரைப் பக்கம் வயலுக்குள் நின்று சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினாலோ உங்கள் அசிஸ்டன்ட் வாய் மூடிக்கொள்ளும். டைமர் வைப்பது மாதிரி சில சின்ன வேலைகளைப் புதிய போன்கள் இன்டர்நெட் இல்லாமலும் செய்யும், ஆனால் அந்தக் கெட்டித்தனமும் போனுடையதுதான். இயர்பட்ஸைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை.

அப்ப விலை வித்தியாசம் எதற்கு? தட்டினால் வருவது ஒன்று, பேர் சொல்லிக் கூப்பிட்டாலே வருவது வேறொன்று. அப்பிளின் முதல் எயார்பொட்ஸ் 2016 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது சிரியை எழுப்ப இரண்டு தரம் தட்டத்தான் வேண்டியிருந்தது, ‘ஹே சிரி’ என்று சொன்னாலே கேட்கிற வசதி 2019இல் எச்1 சிப்போடு வந்த இரண்டாவது எயார்பொட்ஸில்தான் வந்தது. மலிவுச் சாமான்கள் இன்றைக்கும் தட்டுகிற வகைதான். கடையில் இதை நேரடியாகக் கேளுங்கள்: தட்டினால்தான் வருமா, கூப்பிட்டாலே வருமா? கடைக்காரத் தம்பி “எல்லாம் வரும் அண்ணே” என்று சொன்னால், உங்கள் போனோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் போனோடு என்பது முக்கியம், ஏனென்றால் எயார்பொட்ஸை அன்ட்ரொயிட் போனில் போட்டால் பாட்டும் கோலும் வேலை செய்யும், சிரி வராது. சாம்சங்கின் பிக்ஸ்பியும் அப்படித்தான், அதற்குச் சாம்சங் போன் வேண்டும். வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பினார் என்று எயார்பொட்ஸை வாங்கி அன்ட்ரொயிட் போனோடு பாவிக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர், அதில் பிழை ஒன்றும் இல்லை, அசிஸ்டன்ட்டுக்காக அதற்குக் காசு கொடுப்பதுதான் பிழை.

சரி, அசிஸ்டன்ட் எழும்பி விட்டது என்று வைப்போம். அதோடு எந்த மொழியில் கதைக்கப் போகிறீர்கள்? சிரியின் மொழிப் பட்டியலில் தமிழ் தனி மொழியாக இல்லை. கூகுளில் தமிழ் உண்டு, குரலால் தட்டச்சு செய்கிற வசதியைக் கூகுள் 2017இல் தமிழுக்குக் கொண்டுவந்தபோது இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று வெவ்வேறாகவே கொடுத்தது. பலர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பதே இல்லை, போன் வந்தபடி ஆங்கிலத்தில் கிடக்கும், அதோடு தமிழில் கதைத்துப் பார்த்துவிட்டு “இது சரிவராது” என்று விட்டுவிடுவார்கள். மொழியை மாற்றினாலும் எங்கள் பேச்சு அப்படியே போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். “மறுகா எடுக்கிறன் எண்டு சொல்லு” என்றால் அது என்னத்தையோ எழுதும், “பிறகு அழைக்கிறேன்” என்று கொஞ்சம் வாசிப்புத் தமிழில் நிறுத்திச் சொன்னால் பிடித்துக்கொள்ளும். ஆட்களின் பெயர்களும் அப்படித்தான். போனில் ‘வாப்பா நியூ 2’, ‘அக்கா டயலொக்’ என்றெல்லாம் சேமித்து வைத்துவிட்டு, அது ஆளைக் கண்டுபிடிக்கவில்லை என்று ஏசக் கூடாது, வாயால் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிச் சேமித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இங்கிலிஷ் எழுத்தில் தமிழ் எழுதும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அப்படி வந்த வட்ஸ்அப் செய்தியை அசிஸ்டன்ட் ஆங்கிலக் குரலில் வாசித்துக் காட்டும்போது கேட்க வேண்டும், சிரிப்புக்கு நல்லது, வேலைக்கு உதவாது.

மொழிபெயர்ப்பு விளம்பரங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கந்தோரில் ஒரு கடிதம், பொலிஸில் ஒரு முறைப்பாடு என்று சிங்களத்தில் கதைக்க வேண்டிய இடங்கள் எங்களுக்கு நிறைய இருப்பதால், காதில் மாட்டினால் தமிழ் கேட்கும் என்று ஒருவன் வீடியோ போட்டால் ஆசை வரத்தான் செய்யும். அப்பிள் 2025இல் எயார்பொட்ஸுக்கு நேரடி மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், போர்த்துக்கீசு, ஸ்பானிஷ் என்றுதான் தொடங்கியது, தமிழும் இல்லை சிங்களமும் இல்லை. பெயர் தெரியாத மலிவு இயர்பட்ஸில் ‘144 மொழி’ என்று எழுதியிருந்தால் அந்த வேலையைச் செய்வது அதோடு வருகிற போன் அப்தான், அதற்குப் பதிலாகப் போனில் இருக்கும் கூகுள் டிரான்ஸ்லேட்டை இலவசமாகவே திறக்கலாம்.

பெட்டியில் இருக்கிற இன்னொரு குழப்பம் ஏஎன்சி, ஈஎன்சி. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், வேலை நேர் எதிர். ஏஎன்சி உங்கள் காதுக்கு வருகிற இரைச்சலைக் குறைக்கிறது. ஈஎன்சி உங்கள் மைக்கில் விழுகிற இரைச்சலைக் குறைக்கிறது, அதாவது நன்மை மற்றப் பக்கத்தில் கேட்கிற ஆளுக்கும் அசிஸ்டன்ட்டுக்கும். மலிவுச் சாமானில் ஈஎன்சி மட்டும் போட்டு ‘நொய்ஸ் கான்சலிங்’ என்று விற்பார்கள், பஸ் இரைச்சல் அடங்கும் என்று வாங்கினவர் ஏமாறுவார். குரலால் வேலை வாங்கத்தான் உங்களுக்கு விருப்பம் என்றால் மைக்தான் எல்லாமே, அதைக் கடைக்குள் ஏசி அறையில் வைத்துப் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. றோட்டுக்கு வந்து, பஸ் ஹோர்ன் அடிக்கிற இடத்தில் நின்று வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள், என் குரல் விளங்குதா என்று. இந்த ஒரு சோதனைக்கு விடாத கடையில் நான் என்றால் வாங்க மாட்டேன்.

அசிஸ்டன்ட்டைக் கூப்பிட்ட உடனே பாட்டின் தரம் விழுந்து, தகர டப்பாவுக்குள் இருந்து வருவது மாதிரிக் கேட்கும், சாமான் பழுது என்று பலர் நினைக்கிறார்கள். பழுது இல்லை. புளூடூத் பாட்டுக்கு ஒரு வழியையும் பேச்சுக்கு வேறொரு வழியையும் வைத்திருக்கிறது. பாட்டு வழியில் ஒலி ஒரு பக்கமாக மட்டும் போவதால் தரம் நன்றாக இருக்கும், மைக் திறந்தால் இரண்டு பக்கமும் போக வேண்டும் என்பதால் பேச்சு வழிக்கு மாறித் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். சில புதிய சாமான்களில் இது திருந்தி வருகிறது, பொதுவாக இன்னும் இப்படித்தான்.

இனி றோட்டு. இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று இறங்குகிற ஏ4 வீதியில் மாடும் ஓட்டோவும் பஸ்ஸும் ஸ்கூல் பிள்ளைகளின் சைக்கிளும் ஒன்றாகத்தான் போகும், அதில் ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதிலும் இயர்பட்ஸை மாட்டி ஏஎன்சியையும் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்கும். “கை ஹேண்டிலில்தானே இருக்குது, வாயாலதானே சொல்லுறன்” என்று நியாயம் வேறு. கை சும்மா இருந்தாலும் கவனம் போய்விடும், அசிஸ்டன்ட் பிழையாக விளங்கி “யாருக்கு அழைக்க வேண்டும்?” என்று திருப்பிக் கேட்கும்போது அதற்குப் பதில் யோசிக்கிற அந்த நொடியில் பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது தெரியாது. ஒரு காதில் மட்டும் போட்டாலும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிப்பது கஷ்டம், அதற்கு இரண்டு காதும் வேண்டும். போதாததற்கு ஓடும்போது காற்று மைக்கில் அடித்து நீங்கள் சொல்வதும் அதற்குக் கேட்காது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கதைத்தால் ஒரு நிமிசம்தான் போகும்.

வயல் காவலுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். அம்பாறைப் பக்கமும் படுவான்கரையிலும் யானை வருகிற காணிகளில் இரவு முழுக்கக் காதில் பாட்டை ஏற்றிக்கொண்டு படுப்பது என்ன மாதிரிக் காவல் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே ஆளைக் காப்பாற்றுவதே காதுதான்.

எங்கள் வெயிலையும் உப்பையும் பற்றிப் பெட்டியில் யாரும் எழுத மாட்டார்கள். எயார்பொட்ஸைப் பாவிக்க அப்பிள் சொல்கிற வெப்பநிலை 0 முதல் 35 பாகை, சும்மா வைத்திருக்க 45 பாகை வரை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நிழலிலேயே 35ஐத் தொடுகிற நாட்கள் உண்டு, வெயிலில் நிற்கிற வேனின் டாஷ்போட் எவ்வளவு சூடாகும் என்று தொட்டுப் பார்த்தாலே தெரியும். அங்கே கேஸை, அதாவது இயர்பட்ஸை வைத்துச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டியை, வைத்துச் சார்ஜும் போட்டால் பற்றரி சீக்கிரம் களைத்துவிடும், அந்தச் சின்னப் பற்றரியை மாற்றித் தர ஊரில் ஆள் கிடைப்பது அரிது. ‘கூப்பிட்டாலே கேட்கும்’ வசதியும் மைக்கை எப்போதும் விழிப்பில் வைத்திருப்பதால் சார்ஜைத் தின்னும், தேவையில்லாத நேரம் நிறுத்தி வையுங்கள். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பெட்டியில் ஒரு குறியீடு இருக்கும், ஐபிஎக்ஸ்4 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், வியர்வைக்கும் தூறலுக்கும் போதும், குளிக்க இல்லை. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம், அதுவும் நல்ல தண்ணீரில் செய்த சோதனை, பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் கடலுக்குள் போட்டுக்கொண்டு இறங்க அது அனுமதிச் சீட்டு இல்லை. அந்த எக்ஸ் என்பது தூசிக்குச் சோதித்த கணக்கு அதில் இல்லை என்பதற்கு அடையாளம், கல்லடிக் கடற்கரை மணலுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. பல சாமான்களில் இந்த இலக்கம் இயர்பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்கு இல்லை, ஈரத்தோடு உள்ளே வைத்து மூடினால் சார்ஜ் ஏறுகிற முனைகள் பச்சை பிடிக்கும்.

சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது: 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம், 90 டெசிபெல்லுக்கு ஏறினால் வாரத்துக்கே 4 மணித்தியாலம்தான். கொழும்பு பஸ்ஸில் இரவு முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேலே ஏற்றிக் கேட்கிற பிள்ளைகள் அந்த 4 மணித்தியாலத்தை ஒரே பயணத்தில் முடித்துவிடலாம். ஏஎன்சிக்கு உண்மையான பிரயோசனம் இங்கேதான், வெளி இரைச்சல் குறைந்தால் சத்தத்தையும் குறைக்கலாம். ஒரு சோடியை வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் போடுவதும், வாவியில் குளித்த ஈரக் காதோடு மாட்டுவதும் காதுக் கிருமிக்கு நல்ல வசதி.

ஒட்டுக் கேட்பது பற்றிப் பயம் சிலருக்கு அளவுக்கு மேலே, சிலருக்கு அறவே இல்லை. கூப்பிடாமலே அசிஸ்டன்ட் எழும்புவது உண்டு, வேறு சொல்லைத் தன் பெயர் என்று நினைத்துவிடும். அப்படிப் பதிவான துண்டுகள் உட்படச் சில பதிவுகளை வெளி ஒப்பந்தக்காரர்கள் கேட்டார்கள் என்பது 2019இல் செய்தியானது, அப்பிள், கூகுள், அமேசான் மூன்றும் அதில் அகப்பட்டன, சிரி தொடர்பான வழக்கை முடிக்க அப்பிள் 2025 ஜனவரியில் 9.5 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டது. அதற்காகச் சாமானைக் கிணற்றில் போட வேண்டியதில்லை. கூகுள் கணக்கின் ‘எனது செயல்பாடு’ பகுதிக்குப் போய்க் குரல் பதிவைச் சேமிக்கிறதா என்று பாருங்கள், பழையதை அழியுங்கள், ஐபோனிலும் சிரி வரலாற்றை அழிக்கலாம். ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ மற்றவர்களின் விவரங்களோடு வேலை செய்கிறவர்கள் பணி நேரத்தில் அதை நிறுத்திவிடுவதே ஒழுங்கு.

இவ்வளவையும் சொன்னதால் குரல் உதவி வீண் என்று ஆகாது. மருதமுனையில் தறியில் இருக்கிறவருக்கும், மீன் வெட்டிக்கொண்டு நிற்கிற அம்மாவுக்கும், மாவு பிசைந்த கையோடு போனைத் தொட முடியாதவருக்கும் “தங்கச்சிக்கு எடு” என்று சொன்னால் எடுக்கிற ஒரு சாமான் பெரிய உதவி. கண் தெரியாதவர்களுக்கு அது வசதி மட்டும் இல்லை, போனையே பாவிக்கிற வழி, திரையில் இருப்பதை நாலு பேருக்குக் கேட்காமல் தன் காதில் மட்டும் கேட்க முடிகிறது. எழுத்துக் கூட்டச் சிரமப்படுகிற முதியவர்களுக்கும் அப்படித்தான். இவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் தட்டுவதை விட அமத்துகிற பொத்தான் உள்ள சாமானாகப் பாருங்கள், விரல் நடுங்கினால் தொடு வகை தப்புத்தப்பாக வேலை செய்யும்.

கடைசியாகப் போலிகள். போன் என்றால் ஐஎம்இஐ என்கிற அதன் அடையாள இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கலாம், இயர்பட்ஸுக்கு ஐஎம்இஐயே கிடையாது. எயார்பொட்ஸ் போலியில் பெட்டியும் சீரியல் இலக்கமும் இணைக்கும்போது வருகிற படமும்கூட அச்சு அசலாக இருக்கும், ஐஓஎஸ் 16க்குப் பிறகான ஐபோன் ஒன்றோடு இணைத்தால் பல போலிகளுக்கு அதுவே எச்சரிக்கை காட்டும். வாரண்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள், ஒரு பக்கம் மட்டும் தொலைந்தால் அல்லது செத்தால் தனியாக வாங்கலாமா என்றும் அப்போதே கேளுங்கள், மலிவுச் சாமான்களில் அநேகமாக முடியாது. பாவித்ததை வாங்குவதென்றால் விற்கிறவரின் கையிலேயே அவருடைய ‘ஃபைண்ட் மை’ (தொலைந்த அப்பிள் சாமானைத் தேடுகிற அப்) பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள், புதிய மொடல் எயார்பொட்ஸ் பழைய சொந்தக்காரரின் கணக்கோடு பூட்டுப்பட்டிருக்கும், அவர் கட்டாருக்குப் பிளேன் ஏறிய பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம்.